கொள்ளை நோய்க் காலத்தில் தடுப்பூசி: கூட்டுறவு சங்கத்தார் அறிய வேண்டியவை

ஒரு கொள்ளை நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது ஒரு வேலை. அம்மருந்தைக் கெடாமல் கொண்டுவந்து, கிராமத்தின் கடைசித் தெருவில் வசிக்கும் முதியவருக்குக் காலத்தில் போடுவது மற்றொரு வேலை. முதல் வேலையை விஞ்ஞானிகள் செய்கிறார்கள். இரண்டாவது வேலை சர்க்காரும், சுகாதார இலாகாவும், கிராம ஜனங்களும் ஒன்றுகூடிச் செய்ய வேண்டியதாகும். அது எத்துணைக் கடினமானது என்பதை 2021ஆம் வருஷத்தில் நம் தேசம் முழுவதும் கண்டது. அந்த அநுபவத்தை மறவாமல் குறித்து வைத்துக்கொள்வது ஒவ்வொரு கூட்டுறவு சங்கத்திற்கும் பயன்தரும் என்னும் எண்ணத்துடன் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கோவிட் என்னும் கொரோனா வியாதி இந்தியாவில் முதன்முதலாக 2020 ஜனவரி 30ஆந் தேதி கேரளத்தில் காணப்பட்டது. அவ்வருஷம் மார்ச்சு 11ஆந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் அதனை உலகெங்கும் பரவிய கொள்ளை நோய் என்று அறிவித்தது. ஒரு வருஷத்திற்குள் தடுப்பூசி மருந்துகள் தயாராகி, 2021 ஜனவரி 16ஆந் தேதி நம் தேசத்தில் ஊசி போடும் வேலை தொடங்கிற்று. வைத்திய சரித்திரத்தில் இவ்வளவு விரைவாகத் தடுப்பு மருந்து கிடைத்ததில்லை. ஆயினும், அவ்வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் வியாதியின் இரண்டாவது அலை எழுந்து, ஒரே நாளில் நான்கு லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டபோது, தேசத்தின் ஜனத்தொகையில் நூற்றுக்கு மூவர்கூட இரண்டு தவணை ஊசியும் பெற்றிருக்கவில்லை. மருந்து இருந்தது, ஜனங்களுக்குப் போய்ச் சேரவில்லை. சர்க்கார் கணக்குப்படி இவ்வியாதியால் இந்தியாவில் இறந்தவர்கள் 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். உண்மையான தொகை இதைவிட மிக அதிகம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு. அம்மதிப்பை இந்திய சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. எக்கணக்கைக் கொண்டாலும், மருந்துக்கும் மனிதருக்கும் இடையேயிருந்த தூரத்தில் உயிர்கள் போயின என்பதில் சந்தேகமில்லை.

வைசூரி தந்த பாடம்

இத்தூரம் புதிதன்று. வைசூரிக்கு எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் 1796ஆம் வருஷத்தில் தடுப்பு முறையைக் கண்டார். மாட்டம்மைப் பாலை மனிதர் கையில் குத்தினால் வைசூரி அணுகாது என்பதே அவர் கண்ட உண்மை. அந்தப் பால் பாக்தாதிலிருந்து பஸ்ரா வழியாக ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றப்பட்டு, 1802 ஜூன் மாதத்தில் பம்பாய் வந்து சேர்ந்தது. அம்மாதம் 14ஆந் தேதி அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தப்பட்டதே இந்தியாவில் பலித்த முதல் அம்மை குத்தல் ஆகும். இங்கிருந்து வைசூரி முற்றிலும் நீங்கியது 1975ஆம் வருஷத்தில்தான். 1980 மே மாதத்தில் உலகமெங்கும் அது ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. மருந்து கையிலிருந்தும் நம் தேசத்தில் இந்நோயை ஒழிக்க 173 வருஷங்கள் சென்றன.

இவ்வளவு தாமதத்திற்குக் காரணங்கள் பல. நமது சீதோஷ்ண நிலையில் அம்மைப்பால் வெப்பத்தால் கெட்டு, குத்தியும் பலிக்காமற் போயிற்று. கையிலிருந்து கைக்கு மாற்றும் முறையில் வேறு வியாதிகள் தொற்றுமோ என்ற அச்சம் ஜனங்களுக்கு இருந்தது; அவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. கன்றுக்குட்டியிலிருந்து எடுத்த பாலைக் குத்திக்கொள்ள மனம் ஒவ்வாதவர்களும், அம்மை தெய்வத்தின் வருகை என்று நம்பியவர்களும் இருந்தார்கள். சென்னையை அடுத்த கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் நிறுவப்பட்டுச் சுத்தமான முறையில் அம்மைப்பால் தயாரிக்கப்பட்டதும், பிற்காலத்தில் வெப்பத்தைத் தாங்கும் உலர்ந்த மருந்து வந்ததும், ஊர் ஊராகச் சென்று நோய் கண்ட வீட்டையும் அதைச் சுற்றியுள்ள வீடுகளையும் தேடிக் குத்தியதுமே வெற்றியைக் கொடுத்தன. வெப்பம், அச்சம், விடுபட்டுப்போன வீடுகள் ஆகிய அதே மூன்று இடையூறுகளையும் 2021ஆம் வருஷத்திலும் காண்கிறோம்.

ஊசி மருந்து செய்யும் வேலை

நோய்க் கிருமியை எதிர்க்கும் சக்தி உடலுக்கு இயல்பாகவே உண்டு. ஆனால் முன்பின் அறியாத கிருமி நுழையும்போது அதை இனங்கண்டு எதிர்ப்பதற்குச் சில நாட்கள் பிடிக்கின்றன. அதற்குள் நோய் முற்றிவிடுகிறது. தடுப்பூசியானது, கிருமியின் அடையாளத்தை முன்கூட்டியே உடலுக்குக் காட்டி வைக்கிறது. திருடனின் அங்க அடையாளங்களை ஊர்க் காவலருக்கு முன்னதாகவே தெரிவித்து வைப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

இந்தியாவில் பெரும்பாலும் போடப்பட்டவை இரண்டு மருந்துகள். புனாவில் தயாரான கோவிஷீல்டு என்னும் மருந்தில், பெருக முடியாதபடி மாற்றப்பட்ட தீங்கற்ற வேறொரு வைரஸ், கொரோனாவின் அடையாளத்தைச் சுமந்து செல்கிறது. ஹைதராபாத்தில் தயாரான கோவாக்ஸினில், கொல்லப்பட்ட கொரோனா வைரஸே இருக்கிறது. இரண்டினாலும் நோய் உண்டாவதற்கு இடமில்லை.

இம்மருந்துகள் நோய் அறவே தொற்றாதபடி தடுக்கும் என்று யாரும் உறுதி கூறவில்லை. நோய் கண்டாலும் அது கடுமையாகி ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலைக்கும் மரணத்திற்கும் கொண்டுபோவதைப் பெரும்பாலும் தடுக்கின்றன. இந்த வேற்றுமையை ஜனங்களுக்கு முதலிலேயே விளக்காமற் போனதால், ஊசி போட்டுக்கொண்டவருக்கும் காய்ச்சல் வந்ததைக் கண்டவுடன், "ஊசியால் என்ன பயன்?" என்று பலர் கேட்கலானார்கள். வாக்குறுதியை அளவோடு கொடுத்தால் நம்பிக்கை குறையாது என்பது கடன் கொடுத்து வாங்கும் நம் அங்கத்தினர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குளிர்ச்சி குன்றாமல் கொண்டுவருதல்

பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கங்களில் சேர்ந்துள்ள அங்கத்தினர்கள் ஒரு விஷயத்தை நன்கறிவார்கள். காலையில் கறந்த பாலைக் குறித்த நேரத்திற்குள் குளிரூட்டும் நிலையத்தில் சேர்க்காவிடில், மாட்டுக்குப் போட்ட தீவனமும் கறந்தவர் உழைப்பும் வீணாகிவிடும். தடுப்பு மருந்தின் நிலையும் அதுவே. ஆனால் திரிந்த பால் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். கெட்ட மருந்தோ நிறத்திலும் மணத்திலும் எவ்வித மாறுதலையும் காட்டாமல் இருக்கக்கூடும். ஆதலால் அதை வழி நெடுகக் கண்காணிப்பது ஒன்றே உபாயம்.

மேற்கூறிய இரு மருந்துகளையும் 2 டிகிரி முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் சூடேறினாலும் கேடு. உறைந்து போனாலும் கேடு. 2021 ஜனவரி 12ஆந் தேதி புனாவிலிருந்து ஆகாய விமானத்தில் சென்னைக்கு முதல் மருந்து வந்தது. சென்னையிலிருந்து மண்டலக் கிடங்குகளுக்கும், அங்கிருந்து ஜில்லாக்களுக்கும், பின்னர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், கடைசியாகக் கிராம முகாமுக்கும் அது மாற்றி மாற்றிக் கொண்டுசெல்லப்படுகிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவர் செய்த வேலையெல்லாம் பயனற்றதாகும்.

சுகாதார நிலையங்களில் இதற்கென உள்ள குளிர்பெட்டியின் சுவர்களுக்குள் பனிக்கட்டி அமைந்திருப்பதால், மின்சாரம் நின்றாலும் சில மணி நேரம் குளிர்ச்சி நீடிக்கும். கிராமத்திற்கு மருந்து வருவது நான்கு பனிக்கட்டிப் பைகள் வைத்த சிறு பெட்டியிலாகும். பனிக்கட்டிப் பைகளை எடுத்தவுடன் பெட்டியில் வைத்துவிடலாகாது. சற்று நேரம் வெளியில் வைத்து, மேலே நீர் வியர்த்த பிறகே வைக்க வேண்டும். இல்லாவிடில் மருந்து உறைந்துவிடும். முகாமுக்கு வரும் செவிலியர், பெட்டியை அடிக்கடி திறக்கவொட்டாமல் தடுத்தாலும், வெயிலில் நிறுத்தக்கூடாதென்று வற்புறுத்தினாலும், அதைக் கெடுபிடி என்று எண்ணாமல் இடங்கொடுத்து உதவுதல் வேண்டும்.

பத்துப் பேர் கணக்கு

ஒரு கோவிஷீல்டு புட்டியில் பத்துப் பேருக்குரிய மருந்து அடங்கியிருந்தது. திறந்த புட்டியை நான்கு மணி நேரத்திற்குள் செலவிட்டாக வேண்டும். எஞ்சியதை மறுநாளுக்கு வைக்கலாகாது. இச்சிறு விதியிலிருந்துதான் கிராமங்களில் பெரும் சங்கடம் உண்டாயிற்று. ஒரு முகாமுக்குப் பதின்மூன்று பேர் வந்தால் இரண்டாவது புட்டியைத் திறப்பதா, வேண்டாமா? திறந்தால் ஏழு பேருக்குரிய மருந்து வீணாகலாம். திறக்காவிடில், கூலியை விட்டு வந்த மூன்று பேர் வெறுங்கையோடு திரும்பிப் போவார்கள். ஒருமுறை திரும்பிப் போனவர் மறுமுறை வருவது அருமை.

ஊசி போடும் வேலை தொடங்கிய முதல் சில மாதங்களில், நமது தமிழ்நாட்டிலும் கணிசமான மருந்து இவ்வாறு வீணாயிற்று. ஊசி போட்டுக்கொள்ள ஜனங்கள் தயங்கியதும், வருவோர் தொகை முன்னதாகத் தெரியாததுமே அதற்கு முக்கிய காரணங்கள். அண்டை மாநிலமாகிய கேரளம் இதற்கு மாறான உதாரணத்தைக் காட்டிற்று. 2021 மே மாதத் தொடக்கம் வரையில் அம்மாநிலம் மத்திய சர்க்காரிடமிருந்து பெற்றது 73,38,806 தவணை மருந்து. அவர்கள் போட்டதோ 74,26,164 தவணை. பெற்றதைவிட 87,358 தவணை அதிகமாகப் போட்டது எவ்வாறெனில், புட்டியில் குறைவு நேராதிருக்கும் பொருட்டுத் தயாரிப்பவர்கள் சிறிது அதிகமாகவே மருந்தை நிரப்புகிறார்கள். அவ்வதிகத்தையும் சிந்தாமல் எடுத்துப் பதினோராவது நபருக்குப் போடும் கைத்திறன் அங்குள்ள செவிலியர்களிடம் இருந்தது. பின்னர் தமிழ்நாட்டிலும் அவ்வாறே செய்யப்பட்டது. நன்றாகப் பயிற்சி பெற்ற ஒருவரின் கவனம் எத்தனை உயிர்களுக்குப் பயன்படும் என்பதற்கு இதனினும் சிறந்த கணக்கு வேண்டுவதில்லை.

கொள்முதலில் நேர்ந்த குழப்பம்

தனித்தனியே சந்தைக்குப் போகிறவன் அதிக விலை கொடுப்பான். ஒன்றுசேர்ந்து வாங்குகிறவர்கள் நியாய விலைக்கு வாங்குவார்கள் என்பது கூட்டுறவின் பாலபாடம். 2021 மே 1ஆந் தேதி முதல், 18 வயது நிரம்பிய யாவருக்கும் ஊசி போடலாம் என்று அனுமதி கிடைத்தபோது, மருந்து வாங்கும் பொறுப்பும் பிரிக்கப்பட்டது. தயாராகும் மருந்தில் பாதியை மத்திய சர்க்காரும், மறு பாதியை மாநில சர்க்கார்களும் தனியார் ஆஸ்பத்திரிகளும் வாங்கலாம் என்பது ஏற்பாடு. ஒரே கோவிஷீல்டு மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300 ரூபாய், தனியாருக்கு 600 ரூபாய் என மூன்று விலையில் விற்கப்பட்டது. பஞ்சாபும் டில்லியும் வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் நேரில் கேட்டபோது, மத்திய சர்க்காருடன் மாத்திரமே பேச முடியும் என்று பதில் கிடைத்தது. பணம் படைத்த பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள நகரங்களில் மருந்து கிடைத்தது. கிராமங்களில் முகாம் நின்றது. ஜூன் 21ஆந் தேதி முதல் மத்திய சர்க்காரே நான்கில் மூன்று பங்கு மருந்தை வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகக் கொடுக்கலானபின் நிலைமை சீர்ப்பட்டது.

தேசங்களுக்கிடையிலும் இதுவே நடந்தது. செல்வம் மிக்க நாடுகள் முன்பணம் கொடுத்துத் தங்கள் தேவைக்கு மேற்பட்ட மருந்தை ஒதுக்கிக்கொண்டன. ஆப்பிரிக்கக் கண்டத்தில் 2021ஆம் வருஷக் கடைசியில் பத்தில் ஒருவர்கூட முழு ஊசி பெறவில்லை. அங்குள்ள மலாவி தேசத்திற்கு மார்ச்சு 26ஆந் தேதி கிடைத்த மருந்து ஏப்ரல் 13ஆந் தேதியோடு காலாவதியாவதாயிருந்தது. பெரும்பகுதியை அவசரமாகப் போட்டும், எஞ்சிய 19,610 தவணையை மே 19ஆந் தேதி பகிரங்கமாகக் கொளுத்தினார்கள். காலங்கடந்த மருந்தைத் தங்களுக்குப் போடுவார்களோ என்ற ஐயம் ஜனங்களுக்கு எழாதிருக்கவே அவ்வாறு செய்ததாக அதிகாரிகள் கூறினார்கள். காலந்தாழ்த்தி வரும் உதவி எவ்வாறு முடிகிறது என்பதற்கு இது சான்று.

யார் விடுபட்டார்கள்?

ஊசிக்குப் பெயர் பதிவு செய்யக் கோவின் என்ற ஏற்பாடு கைபேசி வாயிலாகவும் கம்ப்யூட்டர் வாயிலாகவும் அமைக்கப்பட்டது. யாருக்கு எந்த மருந்து எப்போது போடப்பட்டது என்பதை அது ஒழுங்காகக் காட்டிற்று என்பது அதன் நன்மை. ஆனால் 18 முதல் 44 வயது வரையுள்ளவர்கள் முன்பதிவு செய்தே தீரவேண்டும் என்றபோது, நல்ல கைபேசி இல்லாதவரும், எழுத்தறியாதவரும், ஆங்கிலம் தெரியாதவரும் பின்தங்கினார்கள். நகரவாசிகள் சிலர் கைபேசியில் இடம் பிடித்துக்கொண்டு கிராம நிலையங்களுக்கு மோட்டாரில் வந்து ஊசி போட்டுச் சென்றதும் பல இடங்களில் நடந்தது. இக்குறையை உச்ச நீதிமன்றமும் 2021 மே 31ஆந் தேதிய உத்தரவில் எடுத்துக்காட்டிற்று. பின்னர் நேரில் வருவோருக்கும் பதிவு செய்து போடும் வழக்கம் பரவியது.

கைபேசியைத் தவிர வேறு தடைகளும் இருந்தன. தினக்கூலி பெறுகிறவர் முகாமுக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. மறுநாள் காய்ச்சல் கண்டால் அக்கூலியும் போயிற்று. படுக்கையில் கிடக்கும் முதியவரைச் சுகாதார நிலையத்திற்குத் தூக்கிச் செல்ல ஆளில்லை. கர்ப்பிணிகளுக்கு 2021 ஜூலை 2ஆந் தேதி வரையில் அனுமதியே இல்லை. கிடைத்த பிறகும் வீட்டார் தயங்கினார்கள். இத்தகையோரை முகாமுக்கு அழைப்பதைவிட முகாம் அவர்களிடம் செல்வதே வழியாயிற்று. காஷ்மீரத்தில் பந்திபோரா ஜில்லாவைச் சேர்ந்த வெயான் என்னும் மலைக் கிராமத்திற்கு மோட்டார் சாலை கிடையாது. சுகாதார ஊழியர்கள் 18 கிலோமீட்டர் நடந்து சென்று, ஆடு மாடு மேய்த்துத் திரியும் குடும்பங்களையும் தேடிப் பிடித்து, 2021 ஜூன் மாதத்திற்குள் அங்கிருந்த 362 வயதுவந்தோர் அனைவருக்கும் முதல் ஊசி போட்டார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 12ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமையன்று, ஊர்தோறும் சுமார் 40,000 இடங்களில் முகாம் நடத்தி, ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. முகாமை ஜனங்களின் வாசலுக்கும், நாளை அவர்களுடைய ஓய்வு நாளுக்கும் மாற்றியதன் பலன் இது.

அச்சமும் வதந்தியும்

ஊசிக்கு அஞ்சியவர்களை அறிவீனர் என்று இகழ்வது எளிது, பயனற்றதும்கூட. 2021 மே மாதத்தில் ஐக்கிய மாகாணம் என்று முன்பு வழங்கிய உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி ஜில்லாவில் ஒரு கிராமத்தார், ஊசி போடுவோர் வருவதைக் கண்டு சரயூ நதியில் குதித்தார்கள். முன்னறிவிப்பும் விளக்கமும் இன்றிப் பெட்டியோடு வந்திறங்கும் உத்தியோகஸ்தரைக் கண்டு மிரள்வது இயற்கையே.

நம் நாட்டில் நேர்ந்த மற்றொரு சம்பவம் பலருக்கும் நினைவிருக்கும். பிரபல நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆந் தேதி சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார். பிறரையும் போட்டுக்கொள்ளும்படி வேண்டினார். மறுநாள் மாரடைப்பு கண்டு, 17ஆந் தேதி காலமானார். இருதய ரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பே காரணமென்று வைத்தியர்கள் கூறினார்கள். பின்னர் மத்திய சர்க்காரின் நிபுணர் குழுவும் விசாரித்து, மரணத்திற்கு ஊசி காரணமன்று என முடிவு செய்தது. எனினும் அம்முடிவு வெளிவருவதற்குள் மாதங்கள் கடந்தன. வதந்தியோ ஒரே நாளில் ஊர் சுற்றி வந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக நடந்த காரணத்தினாலேயே முன்னது பின்னதை உண்டாக்கியதென்று கொள்ளலாகாது. கோடிக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொள்ளும் காலத்தில், அவர்களுள் சிலர் வேறு காரணங்களால் அடுத்த சில நாட்களில் இறப்பதும் தவிர்க்க முடியாததே.

அதேசமயம், ஊசியால் எவ்விதத் தீங்கும் இல்லையென்று அடித்துப் பேசுவதும் தவறு. கை வலி, ஓரிரு நாள் காய்ச்சல், உடல் அசதி ஆகியவை பலருக்கும் உண்டாயின. கோவிஷீல்டினால் மிக அபூர்வமாக ரத்தம் உறைதல் என்னும் கடுமையான கோளாறும் ஏற்பட்டது. 2021 மே மாதத்தில் இந்திய நிபுணர் குழு வெளியிட்ட கணக்கின்படி அது பத்து லட்சம் தவணைக்கு 0.61 என்ற விகிதத்தில் இருந்தது. அன்று பரவிய நோயின் அபாயத்தோடு ஒப்பிடுகையில் இது மிகமிகச் சிறியது. இதனை மறைக்காமல் சொல்லி, ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கச் செய்வதன் நோக்கத்தையும், எந்த அறிகுறி கண்டால் உடனே வைத்தியரிடம் வரவேண்டும் என்பதையும் விளக்கினால், கேட்பவருக்கு நம்பிக்கை பிறக்கும்.

இரண்டாவது தவணை

முதல் ஊசியோடு நின்றுவிட்டவர்கள் ஏராளம். 2021 அக்டோபர் மாதக் கடைசியில், காலங்கடந்தும் இரண்டாவது ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் தேசத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்டிருந்தார்கள். இடைக்காலம் மாறிக்கொண்டே இருந்ததும் ஒரு காரணம். கோவிஷீல்டுக்கு முதலில் நான்கு முதல் ஆறு வாரம் என்றார்கள். மார்ச்சு மாதத்தில் ஆறு முதல் எட்டு வாரம் என்றார்கள். மே மாதத்தில் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் என்றார்கள். நோயின் வேகம் குறைந்ததும், முதல் ஊசியில் கண்ட காய்ச்சலின் நினைவும் மற்றக் காரணங்கள். நவம்பர் 3ஆந் தேதி முதல் வீடு வீடாகச் சென்று விடுபட்டோரைத் தேடும் இயக்கம் தேசமெங்கும் நடத்தப்பட்டது.

தவணை தவறிய கடன் சங்கத்தை எவ்வாறு வாட்டும் என்பது அங்கத்தினர்கள் அறிந்ததே. கடன் பேரேட்டில் தவணை தவறியவர்களை மாதந்தோறும் பொறுக்கியெடுத்து நினைவூட்டுவது போலவே, ஊசித் தவணைக்கும் ஒரு பதிவேடு வைத்து நினைவூட்டினால், இக்குறையில் பெரும்பங்கு தீரும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நமது சங்கங்களுக்கு இவ்வேலை முற்றிலும் புதிதல்ல. 2021 மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருந்த 2 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குத் தவணைக்கு 2,000 ரூபாய் வீதம் 4,000 ரூபாய் நிவாரணம் நியாய விலைக் கடைகள் மூலம் கொடுக்கப்பட்டது. அக்கடைகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டுறவு சங்கங்கள் நடத்துபவை. முன்னதாகவே வீடுதோறும் டோக்கன் கொடுத்து, இன்ன நாள், இன்ன நேரம் என்று குறித்து, கூட்டமின்றிப் பட்டுவாடா செய்யப்பட்டது. அந்த முறையையே தடுப்பூசிக்கும் கையாளலாம். அடுத்த கொள்ளை நோய் வரும்வரை காத்திராமல், பின்வரும் ஏற்பாடுகளைச் சங்க நிர்வாகிகள் இப்போதே யோசித்து வைப்பது நலம்.

முதலாவது, கிராமச் சுகாதாரச் செவிலியரோடு சேர்ந்து வீட்டுவாரியாக ஒரு ஜாபிதா தயாரித்தல். அதில் முதியவர், தீராத நோயுள்ளவர், கர்ப்பிணி, நடக்க இயலாதவர், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து தங்கியிருப்பவர் ஆகியோரைத் தனித்துக் குறிக்க வேண்டும். அட்டையில் பெயரில்லாதவரும் மனிதரே. நோய் அட்டை பார்த்து வருவதில்லை.

இரண்டாவது, புட்டிக்குப் பத்துப் பேர் என்ற கணக்கில் டோக்கன் கொடுத்தல். ஒரு நேரத்திற்குப் பத்துப் பேரும், வராதவருக்குப் பதில் அழைக்க அருகிலுள்ள மூன்று நான்கு பேரும் ஜாபிதாவில் இருந்தால் மருந்தும் வீணாகாது; ஒருவரும் திரும்பிப் போகவும் நேராது.

மூன்றாவது, இடமும் நேரமும். சங்கக் கட்டடமோ, கிடங்கின் தாழ்வாரமோ, நிழலும் காற்றும் உள்ள இடத்தை முகாமுக்கு உதவலாம். வந்தவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கப் பலகையும் குடிநீரும் வேண்டும். நாற்று நடவு, அறுவடை நாட்களில் மாலை நேர முகாம் கேட்டு வாங்குவது சங்கத்தின் பொறுப்பு. மறுநாள் காய்ச்சல் கண்டவருக்கு மாற்றாள் கொடுத்து உதவ அங்கத்தினர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, சந்தேகங்களுக்குப் பதில் கூறுதல். முகாமுக்குச் சில நாள் முன்னதாகவே சங்கத்தில் கூட்டம் கூட்டி, டாக்டரையோ செவிலியரையோ வரவழைத்து, ஜனங்கள் கேட்பதற்கெல்லாம் பொறுமையாக விடையளிக்கச் செய்ய வேண்டும். ஊரார் மதிக்கும் பெரியவர்கள் முதலில் போட்டுக்கொண்டு மறுநாள் எல்லோர் கண்ணிலும் படும்படி நடமாடினால், நோட்டீசுகளைவிட அது அதிகப் பயன்தரும்.

ஐந்தாவது, கட்டாயத்தைத் தவிர்த்தல். 2021 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் ஜில்லாவில், ஊசி போடாதவருக்கு ரேஷன் பொருள் இல்லையென்று உத்தரவு பிறந்தது. இதைப் போன்ற உத்தரவுகள் வேறு சில இடங்களிலும் தோன்றின. எவரையும் அவருடைய விருப்பத்திற்கு மாறாக ஊசி போட்டுக்கொள்ளும்படி வற்புறுத்தலாகாது என்று 2022 மே 2ஆந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரிசியை நிறுத்திப் பணியவைத்தால், அச்சம் தீராமல் பகையாக மாறும். பிறகு அதே கடைக்காரர் நல்ல வார்த்தை சொன்னாலும் ஏறாது. நியாய விலைக் கடை நடத்தும் சங்கங்கள் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும்.

முடிவுரை

2022 ஜூலை 17ஆந் தேதிக்குள் இந்தியாவில் 200 கோடித் தவணை ஊசி போடப்பட்டது. 2023 மே 5ஆந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் கொரோனா பற்றிய அவசர நிலை முடிவுற்றதாகத் தெரிவித்தது. இவ்வளவு பெரிய காரியம் நம் தேசத்தில் நிறைவேறியது பாராட்டத்தக்கதே. ஆயினும் இரண்டாவது அலை எழுந்த அந்த ஏப்ரல், மே மாதங்களில் ஊசிக்காகக் காத்திருந்து இறந்தவர்களை இந்த எண்கள் மீட்டுத் தரமாட்டா. அவர்களிற் பலருக்கு வேண்டியிருந்தவை சில வாரங்களுக்கு முன்னதாகக் கிடைத்த ஒரு டோக்கன், அருகிலேயே ஒரு முகாம், நம்பத்தக்க ஒருவரின் வார்த்தை ஆகியவையே. இவற்றில் எதற்கும் பெரிய விஞ்ஞானமோ பெரும் பணமோ தேவையில்லை. வீடுகளை அறிந்த ஜாபிதாவும், கணக்கை ஒழுங்காக வைக்கும் பழக்கமும், ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் மனமும் போதும். இம்மூன்றும் நமது சங்கங்களிடம் ஏற்கெனவே உள்ளவை. வரும் பொதுக்குழுவில் இதனை ஒரு பொருளாக வைத்து, ஜாபிதா தயாரிக்க நால்வரை நியமிப்பதே முதற் காரியமாகும்.